இரண்டு தெருவுக்கு ஒரு வீடு

எனக்கும் என் கணவருக்கும் நடந்த சண்டைகளில் பாதிக்கு மேல் நாங்கள் குடியிருந்த தெருவைப் பற்றியவை. அவர் காலாப்பட்டில் பல்கலைக்கழகப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். தினமும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்த் திரும்புகிறவர். லிஃப்ட் வைத்த வீடு, கார் நிறுத்த ஓர் இடம், இரண்டும் ரெட்டியார்பாளையத்தில் கிடைக்கும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேலை ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில். வீட்டை விட்டு இறங்கினால் காய்கறி, மருந்துக்கடை, கோயில், தையற்கடை, கடற்கரை எல்லாமே நடந்து போகிற தூரம். புதுச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து வேலைக்குப் போக நான் பஸ் ஏறியதில்லை.

காலையில் நடந்து போகும்போது ஊர் இரண்டாக மாறுவதைப் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். தெருவை ஒட்டித் தூண் வைத்த தாழ்வாரம், அதற்குப் பின்னால் திறந்த கதவு, கதவுக்குள் யாராவது ஒருவர். வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் பிரெஞ்சுக்காரர் காலத்து உயரமான மதில்களும் பூட்டிய பெரிய கதவுகளும் வந்துவிடும். மதிலுக்கு மேலே காகிதப்பூக் கொடி தொங்கும், நிழல் விழும், யாரும் கண்ணில் பட மாட்டார்கள். இரண்டுமே எனக்குப் பிடித்திருந்தன. மேற்கே பேசிக்கொண்டே நடப்பேன், கிழக்கே பேசாமல் நடப்பேன்.

நாங்கள் இருந்தது ஒரு பழைய வீட்டின் மாடியில். செங்குத்தான மரப்படி, நடுவில் ஒரு திருப்பம். கீழே ஒரு முஸ்லிம் குடும்பம். மூன்று தலைமுறையாகச் சந்தை ரோட்டில் செருப்புக்கடை வைத்திருப்பவர்கள். அந்த வீட்டின் இளைய பிள்ளைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இப்போது கடையைப் பார்ப்பது அவர்தான்.

எங்கள் தெருவின் ஒரு முனை சந்தை ரோட்டில் போய் முட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ரோடு முழுக்கத் துணிக்கும் பாத்திரத்துக்கும் பிளாஸ்டிக் சாமானுக்கும் ஆகிவிடும். வண்டி எதுவும் நுழையாது. அடுத்த முனை எப்போதும் திறந்திருக்கும் என்பதால் அது பெரிய தொந்தரவாகத் தெரிந்ததில்லை. ஆனால் அந்த மாதம் அடுத்த முனையில் கழிவுநீர்க் குழாய் போடுவதற்காகத் தெருவை அகலம் முழுக்க வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆள் நடக்க இரண்டு பலகை மட்டும் கிடந்தது.

அந்த ஞாயிறு மாலை ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஃபிளாட்டைப் பார்க்கப் போவதாக அவர் யாரிடமோ சொல்லிவிட்டிருந்தார். என்னிடம் மதியச் சாப்பாட்டின்போதுதான் சொன்னார்.

"நான் வரல" என்றேன்.

"பாக்கறதுல என்ன போச்சி? பாத்துட்டு வேணாம்னு சொல்லு."

"பாக்காமலே சொல்றேன், வேணாம்."

"நீ ஒருத்தி நடக்கறதுக்காக நான் காரை வாய்க்காங்கரையில விட்டுட்டு அஞ்சு தெரு நடந்து வரணுமா? மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குது எனக்கு."

மூச்சு வாங்குவதை அவர் அன்றுதான் முதல் முறையாகச் சொன்னார். அதையும் சண்டையின் ஒரு வார்த்தையாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு, ஜன்னலோரம் தரையில் போய் உட்கார்ந்தார். கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நான் என் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்னங்க, ஏன் இப்பிடி வேக்குது?"

"கேஸா இருக்கும். நெஞ்ச என்னமோ அமுக்குது." இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். "இந்தக் கையி வேற கனமா இருக்கு."

அவர் முகத்தின் நிறம் மாறியிருந்தது. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். தெருப் பெயரைச் சொல்லும்போது எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஓட்டுநரே கூப்பிட்டார்.

"மேடம், சந்த ரோட்ல வண்டி நொழையாது. அந்தாண்ட பள்ளம் தோண்டிக் கெடக்கு. நான் பின் தெருவுல வந்து நிக்கிறேன். ஆள அங்க கொண்டாந்துடுவீங்களா?"

பின் தெரு எங்கள் எதிர்ச்சாரி வீடுகளுக்குப் பின்னால் இணையாக ஓடுகிற அடுத்த தெரு. பெயருக்குத்தான் பக்கம். இங்கே வீடுகளுக்கு நடுவில் சந்து கிடையாது. சுவரோடு சுவராக ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அடைத்துக்கொண்டு நிற்கும். பின் தெருவுக்குப் போக வேண்டுமானால் சந்தை ரோட்டில் இறங்கி, அந்தக் கூட்டத்துக்குள் நடந்து, பின் தெருவின் முனையில் திரும்ப வேண்டும். நடக்கிறவர்களுக்கு அது ஒன்றும் தூரமில்லை. நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்று என் கணவரால் எழுந்து நிற்க முடியவில்லை.

நான் பால்கனிக்கு ஓடிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் தும்மினால் எதிர்வீட்டுக்குக் கேட்கும். நான்கைந்து கதவுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து மேலே பார்த்தார்கள். கீழ்வீட்டுப் பெண் போனில் தன் கணவரைக் கூப்பிடுவது கேட்டது. பள்ளத்தின் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த குழாய் வேலைக்காரர்கள் இரண்டு பேர், விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், கையைக் கூடக் கழுவாமல் ஓடிவந்தார்கள்.

செருப்புக்கடைத் தம்பி கடையை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். மேலே வந்ததும் என் கணவரைப் பார்த்தார், படியைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நாங்க பாத்துக்கறோம். அக்கா, கைவெச்ச சேர் ஒண்ணு குடுங்க. அப்பிடியே படுக்க வெச்சித் தூக்குனா இந்தத் திருப்பத்துல மாட்டிக்கும்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கொடியில் காய்ந்த வேட்டியால் நெஞ்சுக்குக் கீழே சுற்றிக் கட்டினோம். குழாய் வேலைக்காரர்கள் கீழ்ப்பக்கம் நாற்காலியின் முன்கால் இரண்டையும் தாங்கிக்கொண்டு பின்னோக்கி இறங்கினார்கள். தம்பி மேலே முதுகைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படிக்கும் நாற்காலியின் பிளாஸ்டிக் நெளிந்தது. திருப்பத்தில் உண்மையாகவே மாட்டிக்கொண்டது. ஒருவர் நாற்காலிக் காலைத் தோள்மேல் வைத்துக்கொண்டு சுவரோரம் நசுங்கி நின்று திருப்பினார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடிக் கட்டையைப் பிடித்திருந்தார். அந்தக் கையை நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் படியின் தேக்கைப் பார்த்துத்தான் இந்த வீட்டுக்குக் குடிவந்தேன். அன்று அதை வெட்டி எறிய வேண்டும் போல இருந்தது.

தெருவில் இறங்கியதும் சந்தை ரோட்டுப் பக்கம் பார்த்தேன். முனையில் நைட்டி தொங்கவிட்ட கம்பிகள் வரிசையாக நின்றன. ஒலிபெருக்கியில் ஒருவர் விலையைக் கூவிக்கொண்டிருந்தார். தலைகள் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தது.

"அக்கா, அதுக்குள்ள நாற்காலியோட பூந்தா நகராது" என்றார் தம்பி. "பள்ளத்துப் பலகையும் இத்தன பேரத் தாங்காது. நான் முன்னால போயிக் கத்தி வழி உடச் சொல்றேன், வேற வழி இல்ல."

அப்போதுதான் எதிர்ச்சாரியில் இருந்த நீளவீட்டின்மேல் என் கண் போனது. எங்கள் தெருவில் வாசலும் பின் தெருவில் கொல்லைக் கதவும் உள்ள வீடு அது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே ஒரு பெரிய குடும்பம் இருந்தது. மழை நாளில் சுற்றிக்கொண்டு போக அலுப்பாக இருந்தால் அந்த வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முற்றத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கிணற்றடி வழியாகப் பின் தெருவுக்குப் போய்விடுவோம். பிறகு வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் தூண்களை மெருகேற்றி, சுவருக்கு மஞ்சள் அடித்து, தங்கும் விடுதியாக்கினார். அதற்கப்புறம் எங்களில் யாரும் உள்ளே போனதில்லை.

"இதுக்குள்ள போலாம்" என்றேன்.

வாசலில் காவலாளி எழுந்து நின்றார். வீராம்பட்டினத்துக்காரர், தினமும் என்னைப் பார்த்துத் தலையசைப்பவர். நாற்காலியைப் பார்த்ததும் அவர் முகம் கலங்கியது. ஆனாலும் கையைக் குறுக்கே நீட்டினார்.

"மேடம், கெஸ்ட் தவிர யாரையும் உடக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. மேனேஜரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

"கேளுங்க. கேட்டுக்கினே வழிய உடுங்க" என்றார் தம்பி. அவர்கள் நடப்பதை நிறுத்தவில்லை. காவலாளியின் கை தானாக இறங்கியது.

மேனேஜர் ஓர் இளம்பெண். முற்றத்தில் எதிரே வந்தவர் எங்களைப் பார்த்து அப்படியே நின்றார். நான் சொல்ல ஆரம்பித்தேன், வார்த்தை கோர்வையாக வரவில்லை. "ஹார்ட்... பின் தெருவுல ஆம்புலன்ஸ்..."

"பின் கேட் பூட்டியிருக்கு மேடம். சாவி ஓனர்கிட்ட. அவர் சென்னைல இருக்கார்."

எல்லோரும் ஒரு கணம் நின்றோம். என் கணவரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்ணைத் திறந்தார்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காவலாளியிடம் திரும்பி, "அண்ணா, பூட்ட ஒடைங்க. நான் சொல்லிக்கறேன்" என்றார். குழாய் வேலைக்காரர்களில் ஒருவர் நாற்காலியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுத் தன் கடப்பாரையை எடுத்துவர ஓடினார்.

எனக்குத் தெரிந்த அந்தப் பழைய வழி இப்போது இல்லை. சமையலறை இருந்த இடத்தில் அறைகள். கிணற்றடி இருந்த இடத்தில் நீல ஓடு பதித்த நீச்சல் குளம். குளத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் போகிற அகலம், அதிலும் சாய்வு நாற்காலிகள். ஈரத்தில் தரை வழுக்கியது. படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த ஒருவர் காலை மட்டும் மடக்கினார். பிறகு என்னவென்று புரிந்து துள்ளி எழுந்து, சாய்வு நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள்ளேயே தள்ளிவிட்டார். முன்னால் தூக்கியவர் மதிலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். அவர் கால் ஒருமுறை சறுக்கி, நாற்காலி தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. எனக்குப் பின்னால் யாரோ "யா அல்லா" என்றார்கள். தம்பியின் மனைவி. எப்போது எங்களோடு வந்து சேர்ந்தாள் என்று தெரியவில்லை.

கடைசியில் துவைத்த விரிப்புகள் தொங்கிய ஒரு மூலை. அதற்குப் பின்னால் இரும்புக் கதவு. காவலாளி விரிப்புகளைக் கொத்தாகப் பிடித்து இழுத்து ஒதுக்கினார். கடப்பாரை முதல் அடியில் நழுவியது. இரண்டாவதில் பூட்டு வளைந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டி, "இங்கதான் இருக்கோம், சீக்கிரம்" என்றார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் சத்தம் கேட்டு வந்திருந்தார்கள். அடுத்த அடியில் நாதாங்கியே பெயர்ந்து வந்தது.

வண்டியில் ஏற்றி, மாத்திரை கொடுத்து, ஆக்சிஜன் முகமூடி வைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய ஆஸ்பத்திரி கடற்கரைக்குப் பக்கத்தில்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் வாசலைத் தாண்டித்தான் சில நாள் சுற்றி வருவேன். அன்று அந்தச் சின்னத் தூரம் முடியவே இல்லை.

வாய்க்கால் பாலம் வரை வண்டி வேகமாகப் போனது. கிழக்கே நுழைந்ததும் நின்றுவிட்டது. வார விடுமுறைக்கு வந்தவர்கள் தெருவின் நடுவிலேயே நடந்துகொண்டிருந்தார்கள். சைரன் கேட்டுத் திரும்பிப் பார்த்து, மெதுவாக ஓரம் ஒதுங்கி, வண்டி தாண்டியதும் மறுபடி நடுவுக்கு வந்தார்கள். ஒரு மஞ்சள் மதிலுக்கு எதிரே கல்யாண ஜோடியை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்துக்கு வைத்த குடைவிளக்கு தெருவின் நடுவில் நின்றது. ஒதுங்குவதற்கு அங்கே இடமும் இல்லை. நடைபாதை இருந்த இடத்தில் வாடகை ஸ்கூட்டர்கள், அதற்குப் பின்னால் மதில்.

"இவங்களுக்குத் தெருன்னா சினிமா செட்டுன்னு நெனப்பு" என்று ஓட்டுநர் ஸ்டீயரிங்கை அடித்தார்.

நான் ஜன்னலைத் திறந்து கத்தினேன். எங்கள் தெருவில் கத்தியபோது கதவுகள் திறந்தன. இங்கே என் குரல் மதிலில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. அந்தப் பெரிய கதவுகளுக்குப் பின்னால் யாராவது இருந்தார்களா, தெரியாது. ஒன்று கூடத் திறக்கவில்லை. பேசாமல் நடக்கலாம் என்று நான் ஆசையாகப் போய்வந்த தெருக்கள் அவை. கடைசியில் படமெடுக்கிறவன்தான் தன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடி, இரண்டு கையையும் விரித்து ஆட்களை ஓரம் தள்ளினான். அடுத்த முனை வரை ஓடினான். மாலை போட்டிருந்த மாப்பிள்ளையும் கூட ஓடினார்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடிக்கொண்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது மத்தியானம் அவரிடம் கடைசியாக என்ன சொன்னேன் என்று யோசித்தேன். "பாக்காமலே சொல்றேன், வேணாம்." அதுவே திரும்பத் திரும்ப வந்தது. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன். செருப்புக்கடைத் தம்பி வந்து பக்கத்தில் நின்றதையே கவனிக்கவில்லை. குனிந்து என் காலடியில் ஒரு ஜோடி செருப்பு வைத்தார்.

"வெறுங்காலோட வந்துட்டீங்க அக்கா. அளவு சரியா இருக்கும், பாருங்க."

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

சரியான சமயத்தில் வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து அதை முடிக்காமல் விட்டார். அடைப்பை எடுக்க வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே எல்லாம் நல்லபடியாக நடந்தது.

படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால் ரெட்டியார்பாளையத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். லிஃப்ட் இருந்தது, கீழே கார் நிற்க இடம் இருந்தது. அவர் ஆசைப்பட்ட மாதிரியே எல்லாம். கொஞ்ச நாளில் தினமும் நடக்கச் சொன்னார்கள். முதல் நாள் கேட்டைத் தாண்டி விழுப்புரம் ரோட்டுக்கு வந்து நின்றோம். பஸ்களும் லாரிகளும் போய்க்கொண்டிருந்தன. ஓரத்தில் மண், மண்ணில் கட்டடத்துக்கு இறக்கிய ஜல்லி. எதிரே பெட்டிக்கடை இருந்தது, அங்கே போக முடியவில்லை. ஒரு பஸ் உரசுகிற மாதிரி தாண்டியதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம், உள்ள போயிடலாம்" என்றார்.

அதற்கப்புறம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒரு நாள் சாயங்காலம் நடையை நிறுத்திவிட்டு, "நீ சொன்னது சரின்னு நான் சொல்ல மாட்டேன். அந்தத் தெருவுல செத்திருப்பேன்" என்றார்.

"ஆமா" என்றேன்.

"ஆனா இங்க யாரு வந்து தூக்கியிருப்பான்னும் தெரியல."

ஃபிளாட் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் பழைய மாடிக்குத் திரும்ப எனக்கும் தைரியம் இல்லை. நானே அலைந்து, வாய்க்காலுக்கு மேற்கேயே, பழைய வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிக் கீழ்த்தளத்தில் ஒரு போர்ஷன் பிடித்தேன். ஆசைப்பட்டதைவிடச் சின்ன வீடு, வெளிச்சம் போதாது. அந்தத் தெருவின் இரண்டு முனையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்த பிறகுதான் சரி என்று சொன்னேன்.

விடுதி மேனேஜருக்கு நன்றி சொல்லப் போயிருந்தேன். பூட்டை உடைத்ததற்கு ஓனர் திட்டினாராம். புதிதாகப் பெரிய பூட்டு தொங்கியது. பிறகு செருப்புக்கடைத் தம்பியும் தெருக்காரர்கள் சிலரும் போய் ஓனரிடம் பேசினார்கள். இரண்டு முறை முடியாது என்றவர் மூன்றாம் முறை ஒப்புக்கொண்டார். இப்போது சாவி காவலாளியிடம் இருக்கிறது. சந்தை முனையில் நைட்டிக் கம்பிகள் இன்னும் அப்படியேதான் நிற்கின்றன.

நானும் அவரும் சாயங்காலம் ஒன்றாக நடக்கிறோம். முன்பு நான் நடக்கும்போது வளைவுகளையும் ஜன்னல்களையும் பார்ப்பேன். இப்போது தெருவின் அகலத்தைப் பார்க்கிறேன். அவர் ஒவ்வொரு முனையிலும் நின்று, "இதுக்குள்ள வண்டி வருமா?" என்று கேட்கிறார். வரும் என்பேன், அல்லது வராது என்பேன். வராது என்றால் அந்தத் தெருவை அவர் கொஞ்சம் வேகமாகக் கடக்கிறார்.

போன வாரம் வாய்க்கால் பக்கம் போனபோது அவருக்குக் களைப்பாகிவிட்டது. உட்கார எங்கேயும் இடமில்லை. மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார வைத்தேன். கடைக்காரர் சாவியோடு வந்தார். நாங்கள் எழுந்திருக்கப் பார்த்தோம்.

"பரவால்ல சார், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவரும் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். "மெதுவா தொறந்துக்கலாம்."